சோத்தாங்கைப் பக்கம்

அந்தத் தெருவில் 'காயில்காரம்மா வீடு எது' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டிவிடும். பலகை மாட்டிய புதிதில் நிலைமை இப்படி இல்லை. 'இங்கே காயில் செய்து தரப்படும்' என்று அவள் கணவன் ஆசை ஆசையாக எழுதி மாட்டியதைப் பார்த்துவிட்டு, முதல் வாரம் வந்தவர்கள் எல்லாரும் கொசுவத்திதான் கேட்டார்கள். "ராத்திரி பூரா எரியுமாம்மா?" என்று ஒருவர் கேட்க, அவள் முகம் சுளிக்காமல், "எரியாதுங்க, குளிரும்," என்றாள். அந்தப் பொம்பளைக்கு ஏதோ கோளாறு என்று அவர் போய்த் தெருமுனைக் கடையில் சொல்லிவிட்டார்.

கணவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். தெருவுக்கு அவன் டிரைவர். விடுமுறை நாட்களில் மனைவிக்குக் கையாள். இதில் அவனுக்குக் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது. வருகிறவர்கள் அவன் மீசையைப் பார்த்துவிட்டு நேராக அவனிடம் போய், "மேஸ்திரி, ஃப்ரிட்ஜுக்கு ஒரு காயில் வேணும்," என்பார்கள். "மேஸ்திரி அதோ மணல் சலிக்கிறாங்க, அங்க கேளுங்க," என்று காட்டிவிட்டு, அவர்கள் முகம் மாறுவதை வேடிக்கை பார்ப்பான். இலவசப் பொழுதுபோக்கை யார் விடுவார்கள்?

கார் நிறுத்த வேண்டும் என்று வீட்டோடு சேர்த்துக் கட்டிய கொட்டகை அது. கார் யோசனை யோசனையாகவே நின்றுவிட்டதால் கொட்டகை அவள் கைக்கு வந்தது. நடுவில் இரண்டு இரும்புத் தாங்கிகள்மேல் படுத்த வாக்கில் ஓர் உருளை, அதைச் சுழற்ற ஒரு கைப்பிடி. ஓரமாக, குழாயைக் கவ்விப் பிடிக்க வைஸ் பூட்டிய மேசை. சுவரோரம் கேஸ் சிலிண்டரும், அதில் மாட்டித் தீ ஊதும் டார்ச்சும். ஒரு டின் நிறைய, சலித்து வறுத்துக் காயவைத்த மணல். செம்புக் குழாயைச் சும்மா பிடித்து வளைத்தால் வளைகிற இடத்தில் நசுங்கிப் படுத்துவிடும். அதனால் உள்ளே மணலை இறுக நிரப்பி, இரண்டு முனையிலும் மரத் தக்கை அடித்து, டார்ச்சால் சூடு காட்டி இளக வைத்து, ஆறவிட்டு, அதன்பிறகுதான் உருளையில் சுற்ற வேண்டும். குளிர்பதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அவள் கற்ற வேலை இது. தொழிற்சாலை வேறு ஊருக்குக் குடிபோனது, அவள் போகவில்லை, வேலை மட்டும் அவளோடு தங்கிவிட்டது.

டிரைவர் கைப்பிடியைச் சுழற்றுவான். உருளைமேல் ஏறும் குழாயை அவளுடைய இடது கை அழுத்திக் கொடுக்கும். உள்ளங்கையில் ஒரு தோல் துண்டு, கட்டை விரலில் அதுவும் கிடையாது. இப்போது படிகிற சுற்றுக்கும் முன்னால் படிந்த சுற்றுக்கும் நடுவே அந்த விரல் ஊர்ந்துகொண்டே வரும். அவள் கண்ணால் பார்ப்பதே இல்லை. "சந்து கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வந்துட்டா, அப்புறம் பார்த்து என்ன பிரயோஜனம்?" என்பாள். சுற்றி முடித்து இறக்கி வைத்தால், ஒருவர் உட்கார்ந்து வளைத்தது என்று சொல்ல மாட்டார்கள், மரத்தில் அப்படியே காய்த்தது என்பார்கள். எத்தனையோ முறை பார்த்தவன்தான் டிரைவர். இன்னும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு வாய் பிளக்கிறது. பெண்டாட்டியைப் பார்த்து வாய் பிளப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அவள் பிறவியிலேயே இடது கைக்காரி. எழுதுவது, வெட்டுவது, சுத்தியல் பிடிப்பது, சாப்பிடுவது, எல்லாமே இடது. கல்யாணமான புதிதில், "சோத்தாங்கைப் பக்கம் ஸ்பேனர் இருக்கு பாருங்க," என்று அவள் சொல்ல, அவன் வலது பக்கமாகத் துழாவித் துழாவி அரை மேசையைக் கவிழ்த்துவிட்டான். "அந்தப் பக்கம் எங்க போறீங்க? நான் எந்தக் கையில சாப்பிடுறேன்?" என்று அவள் கேட்டாள். நியாயம்தானே? சோறு தின்கிற கைதான் சோத்தாங்கை என்றால் அவளுக்கு அது இடது கைதான். கொஞ்ச நாள் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு அவன் வழிக்கு வந்தான். அன்றிலிருந்து கொட்டகைக்குள் சோத்தாங்கை என்றால் இடது. பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் உலகத்தோடு ஒத்துப் போவான். பயணிகள் உயிர் முக்கியம் அல்லவா?

ஆனால் அவள் பிறந்த வீட்டில் அந்தக் கையை யாரும் அப்படி ஒத்துக்கொள்ளவில்லை. எல்லார் வீட்டிலும் அப்பா அம்மா செய்கிற கண்டிப்பை அங்கே அண்ணன் தன் தலைமேல் போட்டுக்கொண்டார். தட்டில் தங்கை கை வைத்ததும் மணிக்கட்டில் சுளீர் என்று ஒன்று விழும். பென்சில் எடுத்தாலும் விழும். "இடது கைக்காரிக்குப் புத்தியும் இடக்குத்தான்" என்பது அவருக்குத் தேய்ந்துபோன பேச்சு. அவர் இப்போது பக்கத்துப் பேட்டையில் பால் குளிர்விக்கும் நிலையம் நடத்துகிறார். தங்கை இத்தனை காலமாகக் காயில் செய்கிறாள், அவர் நிலையத்துக்கு வேண்டிய காயில் எங்கிருந்தோ வரும். சண்டை ஒன்றும் இல்லை. நல்லது கெட்டதுக்கு வருவார். ஆனால் எதுவானாலும் மாப்பிள்ளையிடம் சொல்லி, மாப்பிள்ளை மூலமாகத்தான் அது தங்கைக்குப் போய்ச் சேரும்.

அப்படிப்பட்ட மச்சான் ஒருநாள் காலையில் டிரைவருக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, தொட்டியில இருக்கிற காயில் வெடிச்சுடுச்சு. தண்ணி குளிர மாட்டேங்குது. வெளியில கேட்டா ஒரு வாரம் ஆகும்ங்கறான். அதுக்குள்ள பால் ஊத்துறவங்க எல்லாம் வேற இடத்துக்கு ஓடிடுவாங்க. அவ... செய்வாளா?"

'அவ'வுக்கும் 'செய்வாளா'வுக்கும் நடுவே அவர் முழுங்கிய எச்சில் போனில் கேட்டது. பழைய காயிலை வெட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது, மாதிரி பார்க்க ஒன்றும் இல்லை, அளவு மட்டும் சொல்கிறேன் என்றார். கடைசியாக, "கீழ் முனை சோத்தாங்கைப் பக்கத்துலேருந்து ஏறணும். அது ரொம்ப முக்கியம், அப்படியே சொல்லிடுங்க," என்றார்.

டிரைவர் அப்படியே சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அன்று அவள் செய்த வேலையை அவன் மறக்க மாட்டான். மணலை ஏற்கெனவே சலித்தது போதாதென்று மறுபடி சலித்தாள். இருந்ததிலேயே நல்ல குழாய்ச் சுருணையை எடுத்தாள். சுற்றி முடித்து, மணலைக் கொட்டி, கழுவித் துடைத்து மேசைமேல் நிறுத்திவிட்டு, "நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள். டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் யாரிடமும் கேட்காத கேள்வி அது. தெருவே மெச்சினாலும் அவளுக்கு ஒரே ஒரு வாயிலிருந்து வர வேண்டியது இன்னும் வரவில்லை. அது நாளைக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறது. வந்து பார்த்து, நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவனுக்கு அவளைவிடப் படபடப்பாக இருந்தது.

மறுநாள் காலை மச்சான் வந்தார். கொட்டகைக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. நிலையத்தில் ஐஸ் கட்டிகளை அடுக்கிவிட்டு வந்திருக்கிறேன், மதியத்துக்குமேல் தாங்காது, சீக்கிரம் சீக்கிரம் என்று காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர் போலக் குதித்தவர், மேசைமேல் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கிட்டே போனார். ஒவ்வொரு சுற்றாக விரலால் தடவினார்.

"பரவா..." என்று ஆரம்பித்த மச்சான் வாயை மூடிக்கொண்டார். குனிந்து கீழ் முனையைப் பார்த்தார். நிமிர்ந்து மேல் முனையைப் பார்த்தார். இரண்டு கைகளையும் விரித்து, தன்னையே தொட்டியாகப் பாவித்துக்கொண்டு நின்றார். "கீழ் முனை வலது பக்கக் குழாய்ல சேரணும். மேல் முனை இடது பக்கம். இது நேர்மாறா இருக்கே மாப்பிள்ளை!"

"திருப்பி வெச்சுட்டா சரியாப் போச்சு," என்று டிரைவர் பாய்ந்து போய்க் காயிலைத் தலைகீழாகக் கவிழ்த்தான். கீழ் முனை அப்போதும் இடது பக்கமே நின்றது. பக்கவாட்டில் சுழற்றினான், இரண்டு முனையும் பின்பக்கம் போய்விட்டன. மறுபடி கவிழ்த்தான். மச்சான் ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்தார். இரண்டு பெரிய ஆம்பிளைகளும் மாறி மாறிக் கவிழ்த்தார்கள், காயில் அசைந்துகொடுக்கவில்லை.

"விடுங்க," என்றாள் அவள். "எப்படிக் கவுத்தாலும் அது அந்தப் பக்கமாத்தான் ஏறும். சுத்தின சுத்து அப்படி."

"நான் சோத்தாங்கைப் பக்கம்னுதானே சொன்னேன்!" என்றார் மச்சான்.

"அதையேதான் நான் சொன்னேன்," என்றான் டிரைவர்.

"அதையேதான் நானும் செஞ்சேன்," என்றாள் அவள்.

மூன்று பேரும் உண்மைதான் பேசினார்கள். டிரைவருக்குத்தான் முதலில் விளங்கியது. சொன்னதைச் சொன்னபடி ஒப்பித்த கிளிப்பிள்ளை, தான் ஒரே ஒரு தடவை வலதா இடதா என்று கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அவள் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். மச்சானுக்கும் விளங்கிவிட்டது.

"இதுக்குத்தான்!" என்று கத்தினார். "இதுக்குத்தான் சின்ன வயசுலயே தலையால தண்ணி குடிச்சேன், கையை மாத்து கையை மாத்துன்னு! கேட்டாளா? உலகத்துக்கே சோத்தாங்கை ஒண்ணு, இவளுக்கு மட்டும் வேற ஒண்ணு! பாருங்க மாப்பிள்ளை, பீச்சாங்கை வேலை எங்க கொண்டுவந்து விட்டிருக்குன்னு பாருங்க!"

டிரைவருக்குக் கோபம் வந்தது. தப்பு சொல்லில், வேலையில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் மச்சான் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். மனுஷன் உண்மையிலேயே கலங்கிப் போயிருந்தார். விடிந்தும் விடியாமலும் பால் கறந்து எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மிச்சமிருக்கும் சுருணைகளில் நீளம் போதாது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் புதுக் குழாய் வாங்கக் கடையும் இன்று திறக்காது. முனைகளில் துண்டுக் குழாய் ஒட்டித் திருப்பலாம் என்றால், காயிலுக்கும் தொட்டிக்கும் நடுவே விரல் நுழையத்தான் இடம்.

"பிரிச்சு மறுபடி சுத்தலாம்," என்றாள் அவள்.

"பிரிச்சுச் சுத்த இதென்ன கம்பளி நூலா? கேளுங்க மாப்பிள்ளை."

"அண்ணே, நான் இங்கதான் நிக்கிறேன். என்கிட்டயே கேளு."

அவள் குரலை உயர்த்தவில்லை. மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தான்.

"முடியுமா?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"செஞ்சு பார்த்ததில்ல. முடியும்னு தோணுது. வண்டியை ஓரமா விட்டுட்டு, சட்டைக் கையை மடிச்சுக்கோ."

செம்பு ஒரு தடவை வளைந்துவிட்டால் முறுக்கிக்கொண்டு நிற்கும், மச்சானைப் போல. அப்படியே பிரித்தால் மடங்கி உடையும். சூடு காட்டினால் மறுபடி இளகும். அதற்கு முன்னால் உள்ளே மணல் போக வேண்டும். நேர்க் குழாயில் மணல் தானாக இறங்கும். சுருண்ட குழாயில் எப்படி இறங்கும்? மச்சான் இதைக் கேட்டே விட்டார். அவள் ஒரு கழியைக் காயிலுக்குள் நுழைத்து, ஒரு முனையைக் கணவன் தோளிலும் இன்னொரு முனையைச் சன்னலிலும் ஏற்றினாள். குழாயின் வாயில் புனல் வைத்துக் கொஞ்சம் மணல் ஊற்றி, "மெதுவாச் சுத்து அண்ணே, நிறுத்தாத," என்றாள். காயில் சுழலச் சுழல மணல் ஒவ்வொரு வளைவின் அடியிலும் வழுக்கி, அடுத்த வளைவுக்கு நடந்து போனது. உள்ளே சரசரவென்று அது போகும் சத்தம் கேட்டது. மச்சான் சுற்றிக்கொண்டே காதைக் கொண்டுபோய் வைத்தார். "நடக்குது!" என்றார், சின்னப் பையன் மாதிரி. உடனே அதற்காக வெட்கப்பட்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

அவள் மரச் சுத்தியலால் சுற்றுச் சுற்றாகத் தட்டிக்கொண்டு வந்தாள். டொக் என்றால் நிறைந்தது, டொங் என்றால் குறை. குறை எங்கும் இல்லை என்று தெரிந்ததும் தக்கை அடித்தாள். டார்ச்சைப் பற்றவைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகக் காட்டினாள். செம்பு மங்கலாகச் சிவந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்வாள், ஒரு நொடி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஆறியதும் காயிலை உருளைமேல் ஏற்றி, கணவனை எதிர்த்திசையில் சுழற்றச் சொல்லி, முனையை அண்ணன் கையில் கொடுத்து, "இழுக்காத. அது வர்ற வேகத்துக்கு நீ பின்னால நட," என்றாள்.

குழாய் கொட்டகை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. எதிர்வீட்டுத் தையல்காரர் தன் சைக்கிளை நகர்த்தி வழிவிட்டார். காய்கறி வாங்கப் போன ஓர் அம்மா, "என்ன, தண்ணிக் குழாய் போடுறாங்களா? எங்க வீட்டுக்கும் ஒண்ணு இழுத்து விடுங்க," என்றாள். பால் நிலைய முதலாளி நடுத்தெருவில் செம்புக் குழாயின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். எல்லாம் பிரிந்து முடிந்தபோது குழாய் பாதித் தெருவுக்கு நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. லேசான நெளிவுகளை அவள் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினாள். மறுபடி சூடு காட்டி ஆறவிட்டாள்.

இனிமேல்தான் வேலை. இந்த முறை சுற்று மறுபக்கமாக நகர வேண்டும். அவள் வழக்கமான இடத்தில் நின்று தொடங்கினாள். முதல் சுற்றிலேயே இடறியது. படிந்த சுற்று இப்போது சுண்டுவிரல் பக்கம் வந்துவிட்டது, கட்டை விரலுக்கு வேலை இல்லை. வலது கைக்கு மாற்றிப் பார்த்தாள். சந்து விழுந்தது. வாசலுக்கு வெளியே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சானுக்கே அது தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று டிரைவருக்குத் தெரியும். 'இன்னைக்காவது கை மாறுச்சே' என்பார். மனுஷன் சொல்லவில்லை. ஐஸ் கட்டி ஞாபகம் வந்திருக்கும்.

அவள் அந்தச் சுற்றைப் பின்வாங்கச் சொன்னாள். கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு உருளையையே பார்த்தபடி நின்றாள். அவள் யோசிக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்று டிரைவருக்குத் தெரியும். மச்சானுக்குத் தெரியாது என்பதால் அவரைப் பார்த்து ஒரு முறை முறைத்தான். அவள் இடது கையைக் காற்றில் நீட்டினாள், விரல்களைத் தன் பக்கம் திருப்பினாள், மறுபடி நீட்டினாள். பிறகு சட்டென்று உருளையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

அவ்வளவுதான் விஷயம். இதுவரை குழாய் அவள் பக்கமிருந்து கிளம்பி உருளைமேல் ஏறி அப்பால் போகும். இப்போது குழாய் எதிரே தெருவிலிருந்து கிளம்பி, உருளைமேல் ஏறி, அவளை நோக்கி வரும். அவள் உருளைக்கு மேலாகக் கை நீட்டி, வருகிற குழாயை எதிர்கொண்டு பிடித்தாள். கட்டை விரல் தானாகவே படிந்த சுற்றின்மேல் போய் உட்கார்ந்தது. அதே இடது கை, அதே விரல். சுற்று மட்டும் வலது பக்கத்திலிருந்து ஏறியது. கைப்பிடியை அதே திசையில்தான் சுழற்றிக்கொண்டிருந்தான் டிரைவர். அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. யாராவது கேட்டால் புழுதி என்று சொல்லிக்கொள்ளலாம்.

குழாயின் மறுமுனையைப் பிடித்திருந்த அண்ணன், அது சுருளச் சுருள, ஓரோர் அடியாகத் தங்கையை நோக்கி நடந்து வந்தார். தெருவிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து கொட்டகைக்குள். அவர் கண் அந்தக் கையைவிட்டு அகலவில்லை. கடைசிச் சுற்று படிந்தபோது அவர் உருளைக்கு இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமுமாக எதிரெதிரே நின்றார்கள். அவர் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

தக்கையைக் கழற்றி, மணலைக் கொட்டி, காற்றடித்து, கழுவினார்கள். ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் பம்பைப் பொருத்தி, பெரிய அண்டாத் தண்ணீரில் காயிலை அமுக்கி டிரைவர் காற்றை ஏற்றினான். எங்கேயாவது வெடிப்பு இருந்தால் அங்கிருந்து குமிழி வரும். மச்சான் அண்டா விளிம்பில் மூக்கு இடிக்கக் குனிந்து தேடினார். குற்றம் கண்டுபிடிப்பதில் அவருக்குள்ள அனுபவத்துக்கு, இருந்தால் அகப்பட்டிருக்கும். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

வெளியே எடுத்துத் துடைத்துக் கொடுத்ததும் அவர் கையை விரித்துத் தொட்டியாக நின்று பார்த்தார். கீழ் முனை வலது, மேல் முனை இடது. காயிலை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வண்டியில் கொண்டுபோய் வைப்பார் என்று டிரைவர் கதவைத் திறக்கப் போனான். அவர் நகரவில்லை.

"நீயும் வா," என்றார் தங்கையிடம். "எங்க ஆளுங்க இதை முரட்டுத்தனமா மாட்டுவானுங்க. நானே மாட்டவும் பயமா இருக்கு. நீயே வந்து மாட்டிக் குடு."

பயமா இருக்கு என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"வரேன். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. சாப்பிட்டுட்டு வரேன்," என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்த் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். டிரைவர் பரிமாறினான். பரிமாறும்போதே கண் வாசல் பக்கம் போனது. இன்றைக்குப் பார்த்து இவர் ஏதாவது சொல்லித் தொலைத்தால், மச்சான் என்றும் பார்க்காமல் வெளியே போங்க என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். மச்சான் அறை வாசலில் வந்து நின்றார். காயிலைத் தரையில் வைக்க மனசில்லாமல் தூக்கிக்கொண்டே நின்றார். செம்புக் கறை படிந்த இடது கை தட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வருவதைப் பார்த்தார். அவசரத்தில் அவளுக்குப் புரையேறியது.

"மெதுவாச் சாப்பிடு," என்றார். "ஐஸ் நிறையத்தான் போட்டிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."